செவ்வாய்க்கிழமை ஏழு மணி

ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள், சேரலாமா என்று நண்பன் கேட்டான். ஆறு வருடமாக நான் ஆடுகிற ஆன்லைன் கேம். பெயர் இங்கே வேண்டாம். கதை, கிராபிக்ஸ், பெரிய எதிரிகளோடு மோதுகிற பாஸ் சண்டை எல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாதது செவ்வாய்க்கிழமை மெயின்டனன்ஸ், அதாவது பராமரிப்பு வேலை.

வாரா வாரம் செவ்வாய், அமெரிக்க மேற்குக் கரையின் பசிபிக் நேரப்படி அதிகாலை 2 முதல் 6 வரை கேம் ஓடும் சர்வரை நிறுத்துவார்கள். அங்கே ஊர் தூங்குகிற நேரம். ஏதாவது சொதப்பினால், விடிந்ததும் சரிசெய்ய ஆள் வந்துவிடும். வார இறுதிக் கூட்டத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. இந்திய நேரப்படி நமக்கு அது பிற்பகல் 2:30 முதல் 6:30. எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், சென்னை, கொழும்பு, துபாய், சிங்கப்பூர் ஆட்கள். எல்லோரும் கூடிப் பாஸை அடிக்கிற ரெய்டு செவ்வாய் இரவு ஏழு மணிக்கு. பேட்ச், அதாவது கேமின் புது அப்டேட், இறங்கி முடிய அரை மணி நேரம் போதும். கோடை முழுக்க இப்படி எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடும்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். எங்கள் நான்கு ஊரிலும் அந்த வழக்கமே கிடையாது. அறிவிப்பில் அதே '2 முதல் 6' தான் இருக்கும். நமக்கு அது 3:30 முதல் 7:30 ஆகிவிடும். ஒவ்வொரு வருடமும் அந்த வாரம் யாராவது ஏமாறுகிறார்கள். போன நவம்பரில் எட்டு பேரும் வாய்ஸ் சாட்டில் காத்திருந்தோம். 7:30க்கு, கேமைத் திறக்கிற லாஞ்சரில் ஒரு வரி வந்தது: இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டிப்பு. 9:30 என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு. சண்டையில் மற்றவர்களுக்கு உயிரேற்றுகிற எங்கள் ஹீலர் அங்கேதான் இருக்கிறார், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர். "நீங்க ஆடுங்கப்பா, நான் படுக்கறேன்" என்றார். அவர் இல்லாமல் ஆட யாருக்கும் மனசில்லை, கலைந்துவிட்டோம்.

லாஞ்சரிலேயே 'இன்னும் இத்தனை மணி நேரம்' என்று ஒரு கவுண்ட்டவுன் வைத்தால் போதும். எந்த ஊர்க்காரனும் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆறு வருடமாகக் கேட்கிறோம்.

ஈவ் ஆன்லைன் என்ற கேமைப் பாருங்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் செய்தது. உலகமே பெரும்பாலும் ஒரே சர்வரில் ஆடுகிறது. தினமும் உலகப் பொது நேரமான யுடிசி 11:00க்கு நிறுத்துவார்கள். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் எடுத்தது, இப்போது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். கேமுக்குள் ஓடும் கடிகாரமே யுடிசிதான். ஐஸ்லாந்திலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நமக்கு வருடம் முழுக்க மாலை 4:30. சிட்னிக்காரர்களுக்கு அது இரவு 9, அவர்கள் கோடையில் 10. அவர்களுக்கு அது கொடுமைதான், ஆனால் எப்போது என்று அவர்களுக்குத் தெரியும். கில்ட் வார்ஸ் 2 என்ற கேம் இன்னும் ஒரு படி மேலே. பேட்ச் வந்தால் திரையில் சொல்வார்கள். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் முடிந்தது, சர்வர் பெரும்பாலும் நிற்பதே இல்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஆறு வருடத்தில் என் கேரக்டரிலிருந்து ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை. பேட்ச் நோட்ஸ் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார்கள். நீட்டிப்பு வந்தால் சந்தாவில் ஒரு நாள் சேர்த்துத் தருகிறார்கள். பாஸ் சண்டைகளை இவ்வளவு அழகாக வடிவமைக்கிற குழுவை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்தக் கில்டில் கிடைத்த நட்புதான் இன்றுவரை என்னை அங்கே வைத்திருக்கிறது.

ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்தச் செவ்வாயும் எட்டு மணி வரை லாகின் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிய பிறகு கேட்டால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.