செஸ்னா 172: பங்கு சேர்ப்பதா, பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விடுவதா?

அமெரிக்காவில் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர், பறக்காத மாதத்திலும் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகையும் காப்பீடும் கட்டியாக வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்கத்தான் இந்த இரண்டு வழிகளும்: பங்குதாரர்களைச் சேர்த்து விமானத்தைக் கூட்டாக வைத்திருப்பது, அல்லது விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கு வாடகைக்கு விடுவது.

செலவு
பங்கு: நிலையான செலவெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரிந்துவிடும்.
வாடகை: மணிக்கணக்கில் வருமானம் வரும், ஆனால் வணிகக் காப்பீட்டின் பிரீமியம் கூடுதல்.

தேய்மானம்
பங்கு: சொந்த உபயோகத்துக்கு வருடாந்திரச் சோதனை போதும்.
வாடகை: பள்ளியே விமானத்தைக் கொடுத்துக் கட்டணப் பயிற்சி நடத்தினால், 100 மணி நேரத்துக்கு ஒரு சோதனையும் கட்டாயம்.

இதை நிதானமாக யோசியுங்கள். பெரும்பாலான 172-களில் இருக்கும் லைகோமிங் இன்ஜினுக்குப் பொதுவாக 2000 மணி நேரத்தில் ஓவர்ஹால் (இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) பரிந்துரைக்கிறார்கள். பள்ளியில் வருடம் 500 மணி ஓடினால், நாலே வருடத்தில் அந்தப் பெரிய செலவு வாசலில் நிற்கும். மாணவர் இறங்கும்போது மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதினால், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகடு நெளிந்துவிடும். 172-இல் இது நன்கு அறிந்த சேதம். வாடகைக் கணக்கு போடுபவர்கள் இதையெல்லாம் சேர்ப்பதே இல்லை என்பது என் வருத்தம்.

வசதி
பங்கு: சனி, ஞாயிறுக்குப் பேசி வைத்துக்கொள்ளலாம்.
வாடகை: நல்ல வானிலை உள்ள நாளில் மாணவர் முன்பதிவு செய்திருப்பார்.

மாதம் சில மணி நேரம் பறந்தால் போதும், விமானம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பவருக்குப் பங்குதான். ஆனால் பங்கை விற்று விலகும் முறையை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விமானத்தைத் தொழிலாகவே பார்ப்பவர், இன்ஜினுக்கென்று மணிக்கு இவ்வளவு தனியாக எடுத்துவைக்க முடிந்தால் மட்டும் வாடகைக்கு விடலாம்.