தலைக்கு நேர் மேலே எம் 87: எட்டு அங்குல டாப்சோனியனுடன் ஆறு வருஷம்

மார்த்தாண்டத்திலிருந்து மச்சான் போன வாரம் போன் பண்ணினார். "மக்கா, உங்கிட்ட உள்ளது மாதிரி எட்டு இஞ்சு டெலஸ்கோப்பு வெல கொறச்சுப் போட்டிருக்கான் கேட்டியா. பயலுக்கு வாங்கிக் குடுக்கட்டா? கேலக்ஸி எல்லாம் தெரியுமா?"

தெரியும். எந்த இடத்தில் வைத்துத் தெரியும் என்பதில்தான் வில்லங்கம். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் உள்ளது டாப்சோனியன், அதாவது சுற்றுகிற அடிப்பலகை மேல் குழாயை வைத்துக் கையால் தள்ளிப் பார்க்கிற தொலைநோக்கி. 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம், கண்ணை வைத்துப் பார்க்கிற 25, 10 மில்லிமீட்டர் ஐபீஸ், இதெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும். சனியின் வளையத்தையும் ஓரியன் நெபுலாவையும் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அந்த விஷயத்தில் இதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். என் வழக்கு எம் 87 என்கிற கேலக்ஸியோடு மட்டும்தான்.

2019 ஏப்ரலில் கருந்துளையின் முதல் படம் வந்ததே, ஆரஞ்சு நிறத்தில் வடை மாதிரி, அது எம் 87இன் நடுவில் இருப்பது. சூரியனைப் போல 650 கோடி மடங்கு எடை. அந்தப் படத்தைப் பார்த்த வேகத்தில் வாங்கியதுதான் இந்தக் குழாய். கருந்துளை தெரியாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அது குடியிருக்கும் வீட்டையாவது பார்க்கலாமே என்று ஓர் ஆசை.

எம் 87 நீள்வட்ட கேலக்ஸி. படங்களில் பார்க்கிற சுருள் கைகள், தூசிப் பட்டை எதுவும் அதற்குக் கிடையாது. முதல் தடவை பார்த்தபோது ஐபீஸில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன். அப்புறம் குழாயை விரலால் லேசாகத் தட்டினேன். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து அந்த மங்கலும் நகர்ந்தது. நடுவில் கொஞ்சம் வெளிச்சம், விளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத ஒரு உருண்டை. சுமார் 5.4 கோடி வருஷத்துக்கு முன்னால் புறப்பட்ட வெளிச்சத்தைத்தான் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். (1918இல் கர்டிஸ் என்பவர் எம் 87இன் நடுவிலிருந்து ஒரு நேர்க்கோடு கிளம்புவதைப் புகைப்படத்தில் கண்டுபிடித்தார். எட்டு அங்குலத்தில் அது தெரியாது. தெரிகிறது என்று யாராவது சொன்னால் சும்மா தலையாட்டிவிடு.)

தேடுவது கஷ்டமில்லை. நம் உத்திரம் நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியின் விண்டமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் சரியாக நடுவில் குழாயை வைத்தால் எம் 84, எம் 86 என்ற இரண்டு கேலக்ஸிகளும் ஒன்றாக வந்து நிற்கும். அங்கிருந்து கிழக்கே ஒரு சின்னத் தள்ளு. ஒரு குறை, பங்குனி உத்திரத்தன்று முழுநிலா அந்தப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குக் கோயிலுக்குப் போகலாம்.

சரி, வில்லங்கத்துக்கு வருகிறேன். நம் ஊர் குலசேகரம் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே. எம் 87 வானத்தில் அதே ரேகைக்கு நேர் மேலே உள்ள கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரி வடக்கே. அதனால் உச்சிக்கு வரும்போது அது நம் தலைக்கு நேர் மேலிருந்து நாலு டிகிரிதான் விலகி நிற்கும். காற்று மண்டலம் மிகக் குறைவாக மறைக்கிற இடம். கேலக்ஸி பார்க்க அதைவிட நல்ல இடமே இல்லை, டாப்சோனியனுக்கு அதைவிடக் கெட்ட இடமும் இல்லை. குழாய் மேலும் கீழும் ஆடும், அடிப்பலகை இடமும் வலமும் சுற்றும், இந்த இரண்டு அசைவுதான் இதற்கு உண்டு. குழாய் செங்குத்தாக நிற்கும்போது இம்மி பக்கவாட்டில் நகர்த்த அடிப்பலகையை எவ்வளவோ சுற்ற வேண்டும். உச்சியைக் கடக்கிற அந்த அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட கால் வட்டம் சுற்றியாக வேண்டும். செங்குத்துக் குழாயைப் பிடித்துத் தள்ளினால் பிடியும் கிடைக்காது, ஒன்று அசையாது, இல்லாவிட்டால் ஒரேயடியாகத் தாண்டிவிடும். குறி பார்க்கிற சின்னக் குழாயான ஃபைண்டரில் பார்க்க மொட்டைமாடித் தரையில் முட்டுக்குத்தி, கழுத்தைப் பின்னால் ஒடித்து அண்ணாந்து கிடக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் எம் 87க்கு இந்தத் தொல்லையை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. நியூயார்க்கில் அது தெற்கே அறுபது டிகிரி உயரத்தில் சமர்த்தாகச் சாய்ந்து நிற்கும். அவர்களுக்கென்ன! சென்னைக்காரர்களுக்கு நம்மைவிட மோசம், அங்கே சரியாக உச்சந்தலைக்கே போகும்.

உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பார்த்தால் என்ன என்று கேட்பாய். பார்க்கலாம், குலசேகரத்தில் வீடு இல்லாவிட்டால். சுற்றிலும் ரப்பர், தென்னை. எனக்கு வானம் என்றால் மாடிக்கு நேர் மேலே உள்ள வட்டம் மட்டும்தான். ஜனவரி கடைசியில் ரப்பர் இலை உதிர்க்கும்போது கொஞ்சம் திறக்கும். ஆனால் அப்போது எம் 87 உச்சிக்கு வருவது விடிகாலை நாலு மணிக்கு.

அப்படி ஒரு விடிகாலையில்தான், ரப்பர் பால் வெட்டப் போகிறவர் நெற்றி லைட்டை நேராக என் கண்ணில் அடித்தபடி வாசலில் நின்றார். "அண்ணே, என்னத்துக்கு இப்பிடி வளைஞ்சு நிக்கிய?" மேலே கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்லயே... ஆங், பஞ்சு மாதிரி ஒண்ணு." வேறெதுவும் சொல்லாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து எங்கள் மதில் திரும்பும்போதே லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் தட்டுத்தடுமாறிப் போகிறார்.

இனி ரிப்பேர் கதை. அடிப்பலகை மரத்தூள் அட்டை. நம் மழைக்கு நாலாவது வருஷமே சாயாவில் முக்கிய ரஸ்க் மாதிரி ஊதி, சுற்றும்போது கரகரத்தது. வாங்கிய கடையில் கேட்டால் "ஈரத்துக்கு வாரண்டி கிடையாது சார்." போன மாதம் ஆசாரியிடம் கொடுத்து அயனிப் பலகையில் அச்சு அசலாக அடித்து வாங்கினேன். மேலே மைக்கா ஒட்டியதும் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. உச்சியில் மட்டும் பழைய கதைதான். அது மரத்தின் குற்றமில்லை, ஜியாமெட்ரியின் குற்றம்.

இந்த அமைப்பைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் ஒரு துறவி. விவேகானந்தர் 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வேதாந்த சங்கத்தில் 1944 முதல் இருந்தவர். மடத்துக்குள் ஒளித்து ஒளித்துக் கண்ணாடி தேய்த்து, ஒட்டுப்பலகையிலும் அட்டைக் குழாயிலும் தொலைநோக்கி செய்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். 1967இல் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கன்னியாகுமரியில் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போகும்போதெல்லாம் விவேகானந்தரிடம் மனசுக்குள் ஒரு புகார் வைப்பேன்: உங்கள் சங்கத்தில் இருந்தவர் எல்லாம் நன்றாகத்தான் செய்தார் சுவாமி, உச்சியை மட்டும் விட்டுவிட்டார்.

ஆக, மிச்ச வானத்துக்குப் பத்துக்கு ஒன்பது, எம் 87க்கு நாலு. போன வருஷம் முழுக்க நான் பார்த்ததில் பாதி எம் 87தான் என்பதால் மொத்தத்தில் எத்தனை என்று கேட்காதே. மச்சானிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதைக் கொடுப்பாயா என்றார். கொடுக்க மாட்டேன். பயலை வருகிற அமாவாசைக்கு இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், குழாய் செங்குத்தாக நிற்கும்போது ஐபீஸ் அவன் கண் உயரத்துக்குத்தான் வரும். அவன் குனிய வேண்டாம். அடிப்பலகையை நான் சுற்றிக் கொடுப்பேன்.