மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகம்: இலவச சட்ட உதவி

அக்கா மகன் லோடு வண்டி டிரைவர். வண்டியில் 21 கிலோ கஞ்சா பிடிபட்டு உள்ளே போய்விட்டான். உசிலம்பட்டியிலிருந்து நானும் அக்காவும் முதலில் போனது ஒரு தனி வக்கீலிடம். முன்பணம் வாங்கியவர் மூன்று வாய்தாவுக்கும் வரவில்லை. அப்புறம்தான் இங்கே வந்தோம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. ஒரு பைசா கேட்கவில்லை.

வக்கீலம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்: "அக்கா, ஒளிக்காமச் சொல்றேன். 20 கிலோவைத் தாண்டிட்டா குறைஞ்சது 10 வருஷம், 1 லட்சம் அபராதம். ஜட்ஜே நெனச்சாலும் அதுக்குக் கீழே குறைக்க முடியாது. பெயிலும் லேசுல கிடைக்காது." சரக்கு இருந்தது தெரியாது என்பதையும் இவன்தான் நிரூபிக்க வேண்டுமாம். அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

19 கிலோ என்றால் தண்டனைக்குக் கீழ்வரம்பே கிடையாது. எடைக்கல்லா ஆளை அளப்பது? சரக்குக்கு முதலாளியும் கூலிக்கு ஓட்டியவனும் ஒன்றா? 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை 2001-ல் ஒருமுறை திருத்தி அளவுவாரியாகப் பிரித்தார்கள். இன்னொரு முறை திருத்தி, ஆளைப் பார்த்துத் தண்டனை சொல்லும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தர வேண்டும்.

இந்தச் சேவைக்கு 5 நட்சத்திரம். எஃப்.ஐ.ஆர். நகலோடு போங்கள், சட்ட உதவி எண் 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.