சலூன் சுவரில் ஒரு உலக சாதனைப் படம்

மட்டக்களப்பு பஸாரில் ஒரு புத்தகக் கடையில் வாங்கிய சுவர்ப்படம் இது. மேலே பெரிய எழுத்தில் ‘இலங்கையின் உலக சாதனைகள்’ என்று போட்டிருக்கிறது. விலை 480 ரூபாய். பிள்ளைகளுக்கென்று அச்சடித்தது. நான் மாட்டியிருப்பது கல்லடியில் என் சலூனில், முடி வெட்டக் காத்திருக்கிறவர்களின் வாங்குக்கு நேரெதிரே. போனில் குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்திருக்கின்றன, அந்தக் காசு எனக்குச் செரித்துவிட்டது. ஆனால் வகுப்பறைக்கு வாங்க நினைக்கிற ஆசிரியர்மார் கொஞ்சம் யோசியுங்கள்.

தாள் நல்ல தடிப்பு, படங்கள் தெளிவு. லமினேட்தான் சரியில்லை. கடற்காற்றுக்கு நாலு மூலையும் சுருண்டு, இப்போது டேப்பில்தான் நிற்கிறது.

பாதிப் படம் கிரிக்கெட். அதில் குறை சொல்ல மாட்டேன், இருக்கிறதைத்தானே போட முடியும். 1997இல் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கட்டுக்கு 952 ஓட்டங்கள், 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக சங்கக்காரவும் மஹேலவும் சேர்ந்து எடுத்த 624, இரண்டும் இருக்கின்றன. 14 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கட் போன பிறகுதான் அந்த இரண்டு பேரும் சேர்ந்தார்கள் என்பது படத்தில் இல்லை. முரளிக்கும் இதே கதி. ‘டெஸ்டில் 800 விக்கட்’ என்று எழுதி விட்டுவிட்டார்கள். 2010இல் காலியில் கடைசி டெஸ்டுக்கு இறங்கும்போது அவர் கையில் 792. எட்டு வேண்டும். அந்த எட்டாவது, அவருடைய கடைசிப் பந்தில், இந்தியாவின் ஓஜாவின் மட்டையில் பட்டு மஹேலவின் கைக்குப் போனது. இதற்கு இரண்டு வரி இடம் போதாதா? அந்த இடத்தில் சும்மா ஒரு பூ வேலைப்பாடு போட்டிருக்கிறார்கள்.

பெரிய பிழை ஜயசூரிய பற்றிய வரியில்: ஒருநாள் போட்டிகளில் வேகமான அரைச்சதம் இன்னும் அவருடையதுதான் என்று போட்டிருக்கிறார்கள். 1996இல் சிங்கப்பூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 17 பந்தில் அரைச்சதம் அடித்தது உண்மை. ஆனால் 2015இல் டி வில்லியர்ஸ் 16 பந்தில் அடித்துவிட்டாரே. ஓ.எல். படிக்கிற ஒரு பொடியன் வாங்கில் இருந்தபடியே பிடித்துவிட்டான். கிட்டத்தட்ட 19 வருஷம் யாரும் தொடாத சாதனை என்று போட்டிருந்தால் ஜயசூரியவுக்கும் மரியாதை, படத்துக்கும் மரியாதை. இப்போது மார்க்கரால் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

கிரிக்கெட்டுக்கு வெளியே, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான ஸ்ரீமாவோ இருக்கிறார். 1404.49 கரட் நீல நட்சத்திரக் கல் இருக்கிறது. ஆனால் எல்லாரும் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்ப்பது வேறு கல்லை: 2023இல் கொழும்பு இராணுவ வைத்தியசாலையில் ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது, 13.372 சென்ரிமீற்றர் நீளம், 801 கிராம். ஷேவ் எடுக்கும்போது யாரும் அதை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்கிறவர் சிரித்தால் கத்தி என் கையில் அல்லவா இருக்கிறது.

எனக்குத் தாங்காதது ஒன்று. தமிழில் அச்சடித்த படத்தில் நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் இல்லை. 2016இல் காலிமுகத்திடலில் கட்டிய 72.1 மீற்றர் கிறிஸ்மஸ் மரத்துக்குக் கால்வாசி இடம். 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தி 51 மணித்தியாலத்தில் வந்த மனிதருக்கு ஒரு முத்திரை அளவு இடமும் இல்லை. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில்தான் அவர் உயிர் போனது. நாவலடிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மீன்காரப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, “போறது பெரிசில்ல மனே, கரையத் தொட்டுட்டு மறுகா கடல்ல இறங்கினான் பாரு, அதான் பெரிசு” என்றார். மரத்தின் அடிப்பகுதியில் ஆனந்தனின் படம் ஒன்றை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கடையில் சுருட்டித்தான் தருவார்கள், அங்கேயே விரித்துப் பார்த்து வாங்குங்கள். எனக்குத் தந்ததில் முரளியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்பு.