மகளைச் சேர்த்துவிட்ட சிலம்பக் கூடம்

மதுரையில் எங்கள் ஏரியா மாநகராட்சி மைதானத்தில் சாயங்காலம் நடக்கும் சிலம்ப வகுப்பு இது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் போகிறாள். ஸ்கூல் விட்டு வந்ததும் போனும் கையுமாகக் கிடந்த பிள்ளை, இப்போது ஐந்து மணிக்கே ஷூவைத் தேடுகிறாள்.

ஆசான் எடுத்ததும் கம்பைக் கையில் கொடுப்பதில்லை. முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், குனிந்து நிமிரும் பயிற்சி, அப்புறம் காலடி. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்தக் கால் முன்னே, எது பின்னே என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார். கால் நின்ற பிறகுதான் வீச்சு. எனக்குப் பிடித்ததே இந்த நிதானம்தான். கம்பும் ஆளுக்கு ஆள் வேறு: தரையில் ஊன்றினால் நெற்றியைத் தொட வேண்டும் என்று அளந்தே வெட்டித் தருகிறார். தெருவில் சும்மா நிற்கும் பையன்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார், வசதியில்லாதவர்களிடம் கட்டணம் கேட்பதில்லை. இதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

குறை உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. இருட்டினால் ஒரே ஒரு விளக்குதான். இதை உடனே சரிசெய்ய வேண்டும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிக்குப் போகும் ஆசை இருக்கும் பிள்ளைகளை இங்கே தயங்காமல் சேர்க்கலாம். தண்ணீர் பாட்டில் மட்டும் கொடுத்தனுப்புங்கள், அங்கே குடிநீர் கிடைக்காது.