ஜெராக்ஸ் கடை வைஃபையில் டிஎச்சிபி: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் ஜெராக்ஸ் கடை ரவுட்டரில் ஓப்பன்-டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) போட்டு, ஒவ்வொரு கருவிக்கும் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) தானாகக் கொடுக்கும் வேலையை, அதாவது டிஎச்சிபியை, முழுக்க அதனிடம் விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), கூடவே பிடிஎஃப் அனுப்ப வைஃபையில் சேரும் வாடிக்கையாளர்களின் போன்கள். எந்தக் கருவிக்குள்ளும் போய்க் கையால் ஐபி போடுவதில்லை. போட வேண்டியதை ரவுட்டரில் மட்டும் போடுவேன்.

முன்பு பெரிய தலைவலி பிரிண்டர்தான். கரண்ட் போய் வந்தால் சில சமயம் புது ஐபி வாங்கிக்கொள்ளும். விண்டோஸோ பழைய ஐபியிலேயே தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்று கையை விரிக்கும். ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள். இப்போது ரவுட்டரின் 'ஸ்டேட்டிக் லீஸ்' (நிரந்தர ஒதுக்கீடு) பகுதியில் பிரிண்டரின் மேக் அட்ரஸுக்கு (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) எதிரே 192.168.1.20 என்று எழுதியிருக்கிறது. பிரிண்டர் வழக்கம்போல டிஎச்சிபியில் கேட்கும். ரவுட்டர் அதே ஐபியைக் கொடுக்கும். அந்த 'ஆஃப்லைன்' தொல்லை அத்தோடு ஒழிந்தது.

டிவிஆர் கதை வேறு. சில மாடல்கள் ஃபேக்டரியிலிருந்தே 192.168.1.108 என்ற ஐபியோடு வரும். கேமரா மாட்ட வருபவர்களும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஓப்பன்-டபிள்யூஆர்டி இயல்பாகவே ஐபியின் கடைசி எண்ணை 100 முதல் 249 வரை பங்கிடும். 108 அதற்குள்தான் வருகிறது. கொடுப்பதற்கு முன் அந்த ஐபியில் யாராவது இருக்கிறார்களா என்று ரவுட்டர் பிங் செய்து (கூப்பிட்டு) பார்ப்பதால் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்து, டிவிஆர் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு போன் ஐபி கேட்டால் 108 அதற்குப் போய்விடலாம். பிறகு இரண்டும் மோதும், கேமரா வரும் போகும். டிவிஆரையும் டிஎச்சிபிக்கு மாற்றி, ரவுட்டரில் 21ஐ ஒதுக்கிவிட்டேன்.

லீஸ் நேரம், அதாவது கொடுத்த ஐபி ஒரு கருவியிடம் இருக்கும் காலம், இயல்பாக 12 மணி நேரம். வீட்டுக்குச் சரி, கடைக்கு அதிகம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிற போன், ஐபியை அரை நாள் பிடித்து வைத்திருக்கும். ரிசல்ட், கவுன்சலிங் சீசனில் இருக்கிற 150 ஐபியும் தீர்ந்தால் புதிதாக வருகிற போன் 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்றே நிற்கும். லீஸை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். பாதி நேரத்தில் கருவிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

நெட் கனெக்‌ஷன்காரர் வைத்துவிட்டுப் போகும் பெட்டியும் டிஎச்சிபி கொடுக்கும். அதன் லேன் போர்ட்டிலிருந்து (கடைக்குள் இருக்கும் கருவிகளுக்கானது) நம் ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு ஒயர் போட்டால் எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் ஐபிதான். சந்தேகம் வந்தால் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்து, 'டிஎச்சிபி சர்வர்' வரியில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒயரை நம் ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் வருவதற்கானது) குத்தினாலே தீர்ந்தது.

போன்களுக்கு நிரந்தர ஐபி ஒதுக்குவதுதான் கொஞ்சம் இழுபறி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாக வைஃபைக்குத் தம் நிஜ மேக்கைக் காட்டாமல் வேறொரு மேக்கைக் காட்டுகின்றன. நான் பில் போடும் போனில் மட்டும், நம் வைஃபைக்கு அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் போன்களுக்கு நிரந்தர ஐபி தேவையே இல்லை.

எல்லா ஒதுக்கீடும் '/இடிசி/கான்ஃபிக்/டிஎச்சிபி' என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று பென் டிரைவில் கிடக்கிறது.