தைப்பதா, கொடுப்பதா, போடுவதா? பழைய துணிக்கும் செருப்புக்கும் உள்ள கெடு

பீரோவில் தேங்கும் துணிக்கு நாலு வழி உண்டு. தைத்து உடுத்தலாம், யாருக்காவது கொடுக்கலாம், பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற பாத்திரக்காரரிடம் போடலாம், துடைக்கிற துணியாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. கொடுப்பதற்கான கெடுதான் முதலில் முடியும், நாம் கடைசியாக யோசிப்பதும் அதைத்தான்.

முதலில் தையல். பொத்தான், ஜிப், விட்டுப்போன தையல், பிரிந்த ஓரம் என்றால் யோசிக்காமல் தைக்கக் கொடுங்கள். துணியே நைந்திருந்தால் கதை வேறு. முழங்கை, அக்குள், பேண்டின் உட்காரும் இடம் மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிட வெளிச்சம் அதிகம் ஊடுருவினால், இரண்டு கட்டைவிரலாலும் லேசாக இழுங்கள். இழை விலகினால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. ஒட்டு நிற்கும், அதன் பக்கத்துத் துணி கிழியும். புதுத் துணியின் இழுப்பை நைந்த இழை தாங்காது, ஊசி போட்ட ஓட்டைகளும் சேர்ந்துகொள்ளும்.

சட்டைக் காலர் இதற்கு விலக்கு. மடிப்புக் கோடு மட்டும் நைந்திருந்தால், பழைய தையல்காரர்கள் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துவிடுவார்கள். உள்பக்கம் புதிதாகவே இருக்கும். காலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டிய கேன்வாஸ் கொப்புளித்திருந்தால் அந்தச் செலவு வீண். முட்டி தொங்கிப்போன ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸும் அப்படித்தான். எலாஸ்டிக் இழை செத்தபின் எந்தத் தையலும் அதை மீட்காது.

கொடுப்பதென்றால், வாங்குகிறவர் அன்றைக்கே உடுத்தும்படி இருக்க வேண்டும்: துவைத்து, பொத்தான் முழுசாக. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பக்கம் நிவாரணமாக வந்த பழந்துணி, எடுக்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தது. பள்ளிச் சீருடையைக் கொடுப்பதானால் மே மாதத்துக்குள், அதே பள்ளிப் பிள்ளைக்கு. ஜூனில் பள்ளி திறந்து புதுசு தைத்தபின் யாருக்கும் அது வேண்டாம்.

பாத்திரக்காரர் கிழியாத சேலையும் பேண்டும்தான் கேட்பார். கிழிந்த பனியனைத் தொடமாட்டார். அவரிடம் பட்டுப்புடவையைப் போட்டுவிடாதீர்கள், அதன் கணக்கு தனி. அசல் சரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஓரத்தில் ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். நெருப்பில் காட்டும்போது சுருண்டு உருகினால் பிளாஸ்டிக். சரிகை வாங்குகிறவர்கள் வெள்ளிக்குத்தான் விலை போடுகிறார்கள், புடவை கிழிந்திருப்பது அங்கே பெரிய குறையில்லை. இரண்டு கடையில் விலை கேட்டபின் கொடுங்கள். புடவையின் உடல் பகுதி மடிப்பில் விட்டுப்போய், முந்தானை மட்டும் திடமாக இருந்தால் அது சின்னப் பெண்ணுக்குப் பாவாடையாகும்.

துடைக்கப் பருத்தி மட்டும். பனியன் துணிக்கு ஈடில்லை. பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாமல் தரையிலேயே இழுத்துக்கொண்டு போகும். நைந்த சேலையில் மட்டும் தூளி கட்டாதீர்கள். போகிக்குப் பாலியஸ்டரைக் கொளுத்துவதும் வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

செருப்புக்கு வந்தால், பிய்ந்தது எது என்று பாருங்கள். ஹவாய் செருப்பில் வார் அறுந்தால் வார் மாற்றினால் போதும். குதிகால் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் ஈரத் தரையில் வழுக்கும், தூக்கி எறிந்துவிடுங்கள். ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கணுக்காலும் சாய்ந்துதான் நடக்கிறது.

அடி பிரிந்து, ரப்பர் நன்றாக இருந்தால் ஒட்டலாம். பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை 10-15 நிமிடம் விட்டு அழுத்துங்கள். கயிறு கட்டி ஒரு நாள் வைக்க வேண்டும். ஃபெவிக்விக் இறுகி, விரல் மடங்கும் இடத்தில் விரிசல் விடும். சொல்யூஷனால் ஒட்டியபின் செருப்புத் தைப்பவரிடம் சுற்றித் தையல் போட்டால் நிற்கும்.

பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக்கால் ஆன அடி வேறு ரகம். காற்றின் ஈரமே அதைச் சிதைத்துவிடும். கல்யாணத்துக்கு மட்டும் போட்டு அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவும் சில வருஷத்தில் உதிரும். நகத்தால் குத்திப் பாருங்கள். மாவாகவோ பிசுபிசுப்பாகவோ வந்தால் ஒட்டவே வேண்டாம். உழைக்கிற ஜோடியைக் கொடுக்கும்போது இரண்டையும் லேஸால் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள், ஒற்றை தொலைந்தால் மற்றதும் குப்பைதான்.